செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் போர்டு அணைகிறதா? மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: கூத்தாநல்லூர் பக்கம் எங்கள் ஊர். 2015 மாடல் பெட்ரோல் கார். ஒரு மாதமாகக் காலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போர்டு ஒரு கணம் அணைந்து, முள்ளெல்லாம் துள்ளி, நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ரேடியோவில் நேரம் 1:00-க்குப் போய்விடுகிறது. பதிந்து வைத்த காரைக்கால் பண்பலையும் அழிந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டையும் மாற்ற வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். தெரிந்த புரோக்கர் ஒருவர் பழைய மீட்டர் போர்டு பத்தாயிரத்துக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது, ஐயா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மீட்டர் போர்டும் ரேடியோவும் ஒரே மாதத்தில், அதுவும் செல்ஃப் அடிக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் கெடுகின்றன என்றால், கோளாறு அநேகமாக அவற்றில் இல்லை. இரண்டுக்கும் கரண்ட் வரும் பொதுவான பாதையில் இருக்கிறது. பம்புசெட் போட்டதும் வீட்டு விளக்கு மங்கினால் நாம் பல்பையா மாற்றுகிறோம்?

செல்ஃப் மோட்டார் ஒரே இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தாலோ, பேட்டரியின் நெகடிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலோ அந்த நேரத்தில் வோல்ட் சரிந்துவிடும். ரேடியோ தன் நினைவை இழப்பதும், மீட்டர் போர்டு அணைந்து மறுபடி எழுவதும் அதனால்தான். ஸ்கேனரில் வரும் நீளமான கோளாறுப் பட்டியலைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வோல்ட் குறைந்தால் நல்ல வண்டியிலும் அந்தப் பட்டியல் வரும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 12.4-லிருந்து 12.6 வரை இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும்.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்தது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் ஈயத் தலையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே. மறு முனையை இன்ஜின்மேல் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பிடிக்கவில்லை. பாடிக்குப் போகும் எர்த்தையும் இதேபோல் பாருங்கள்.

நம் பக்கத்தில் இது அதிகம். போன தை மாதம் ஒரு வண்டி வந்தது. இதே புகார், கையில் இதே மாதிரி ஒரு எஸ்டிமேட். பானெட்டைத் திறந்தால் பேட்டரித் தட்டுக்குப் பின்னால் கைப்பிடி வைக்கோல், நடுவில் நெல் உமி. அறுவடை முடிந்ததும் வயல் எலி வண்டிக்குள் குடிவந்துவிட்டது. எர்த் கம்பியின் தோலைக் கடித்துவிட்டு அதன் மேலேயே சிறுநீர் கழித்திருந்தது. செம்பு இழைகள் பச்சை பிடித்து, தொட்டதும் மாவாக உதிர்ந்தன. ஒரு கம்பி, அதன் முனைகளுக்கு இரண்டு லக், அரை மணி நேர வேலை. அந்த எஸ்டிமேட் போட்டவர் பானெட்டைத் திறந்திருந்தாலே தெரிந்திருக்கும். கழற்றிப் பழுது பார்க்கும் வேலையே இன்று போய்விட்டது. முழுப் பொருளை மாற்றினால்தான் பில் ஏறும் என்றே வேலையை அமைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை போய் வெகுநாள் ஆகிறது.

டெர்மினலையும் எர்த் பிடிக்கும் இடத்தையும் சுத்தம் செய்யும்போது சாவியை எடுத்துவிட்டு நெகடிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும்.

கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில கார்களில் கம்பெனி ரேடியோவுக்குப் பூட்டு உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ‘கோடு’ என்ற பூட்டு எண்ணைக் கேட்கும். அது பழுது அல்ல, திருட்டுத் தடுப்பு. அந்த எண் பெரும்பாலும் வண்டியோடு தந்த புத்தகப் பையில் ஒரு சிறு அட்டையில் இருக்கும். அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள். அட்டை இல்லாவிட்டால் ஆர்சி புத்தகத்தோடு கம்பெனி டீலரிடம் கேளுங்கள். ரேடியோவின் சீரியல் எண்ணை வைத்து எடுத்துத் தர முடியும். மனம்போன எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். சில முறை தப்பானால் செட் தானே பூட்டிக்கொள்ளும். இதை வைத்து ‘செட் செத்துப்போச்சு’ என்று புது ரேடியோ விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பழைய மீட்டர் போர்டை மட்டும் கண்டிப்பாக வாங்காதீர்கள். அது வேறு வண்டியின் கிலோமீட்டரைக் காட்டும். நாளைக்கு விற்கப் போனால் நீங்கள்தான் திருத்தியவர் ஆவீர்கள். சில மாடல்களில் சாவியின் ரகசிய எண்ணும் மீட்டர் போர்டோடு சேர்ந்தது, மாற்றினால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. கிலோமீட்டரைக் ‘குறைச்சும் தரேன்’ என்று சொல்கிற ஆள் என்றால் அவரிடம் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்கள். 10-க்குப் பதில் 20 போட்டாலோ, சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றினாலோ அடுத்து எரிவது வயரிங்தான்.

பேட்டரியும் எர்த்தும் சரியாகி, அதன் பிறகும் திரை அணைந்தால் மீட்டர் போர்டைக் கழற்றிப் பார்க்கலாம். அப்போதும் உள்ளே சால்டரிங் விட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். போகும்போது நீங்கள் எடுத்த வோல்ட் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.