விறகு அடுப்பு பீட்சா கடைகளில் ஏன் இத்தனை கெடுபிடி? கொடுக்கிற காசுக்குத் தகுமா?

தகும், கடை உண்மையிலேயே விறகில் சுடுகிற கடையாக இருந்தால். கெடுபிடி விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேள்வியில் புலம்பியிருக்கிற எல்லாமே, அதாவது பார்சல் கிடையாது, சீஸ் கூடுதலாகப் போட மாட்டேன் என்கிறார்கள், வெட்டாமல் கொண்டுவந்து வைக்கிறார்கள், ஒன்பது மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது என்கிறார்கள், இத்தனையும் நான் அடிக்கடி போகும் கடையிலும் உண்டு. அதில் முக்கால்வாசி அந்த அடுப்பே நமக்குப் போடுகிற சட்டம். மீதி முதலாளியம்மாவின் கிறுக்கு. எது எது என்று பிரித்துப் பார்த்தால் கோபம் பாதி குறைந்துவிடும்.

நான் இருப்பது புதுச்சேரி. கடை ஆரோவில் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையத்துக்குத் திரும்பி, செம்மண் சந்து ஒன்றுக்குள் போய், முந்திரித் தோப்பை ஒட்டி. பெயர் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே சனிக்கிழமை உட்கார இடம் கிடைப்பதில்லை. கீற்றுக் கொட்டகை. ஒரு நாற்காலியைப் போல இன்னொன்று இருக்காது, தட்டுகளும் அப்படித்தான். வாசலில் சாக்பீஸால் எழுதிய பலகை: "கெட்சப் இல்லை. அன்னாசி இல்லை. வைஃபை இல்லை. பூனை உண்டு." பூனை நிஜமாகவே உண்டு, நல்ல நாற்காலியில் அதுதான் உட்கார்ந்திருக்கும், எழுப்பினால் மற்ற மேசைக்காரர்கள் உங்களைத்தான் முறைப்பார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். ஃபயர் பிரிக் என்று விற்கிறார்களே, சூடு தாங்கும் செங்கல், அந்தக் கல்லால் கட்டிய அரை உருண்டை, மேலே மண் பூச்சு. முன்னால் ஒரே ஒரு வாய், புகைபோக்கியும் அந்த வாய்க்கு மேலேயேதான். உள்ளே கட்டைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி எரிய விடுகிறார்கள். தீ அங்கேயே நிற்காமல் மேல் வளைவைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வரை படர்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே பசியை மறக்கலாம். பீட்சாவுக்குச் சூடு மூன்று வழியில் போகிறது: கீழே சூடேறிய கல், மேலே வளைவிலிருந்து இறங்கும் அனல், நடுவில் சுற்றும் காற்று. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 1984இல் ஆரம்பித்த பீட்சாக்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, பீட்சா எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி எழுதி வைத்திருக்கிறது. அதன்படி அடித்தளம் சுமார் 380 முதல் 430 டிகிரி செல்சியஸ், மேல் வளைவு 485 டிகிரி அளவில், வேகும் நேரம் 60 முதல் 90 நொடி. நம் வீட்டு ஓடிஜி, அந்தச் சின்னக் கரண்ட் அடுப்பு, 250 டிகிரிக்கே முக்குகிறது. இந்த ஒன்றரை நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கூடுதல் சீஸ் ஏன் கிடையாது? மேலே பாரம் ஏறினால் நடுப்பகுதி ஒன்றரை நிமிடத்தில் வேகாது, விளிம்பு கருகி நடுவில் பச்சை மாவு நிற்கும். தக்காளியும் சீஸும் தண்ணீர் விட விட மாவு ஈரமாகி, அகப்பையில் ஒட்டிக்கொண்டு அடுப்புக்குள் இறங்க மறுக்கும். (அகப்பை என்றா சொல்வது தெரியவில்லை, துடுப்பு மாதிரி நீளக் காம்பு வைத்த அந்தச் சாமான்.) நம் ஊர்க்காரர்களுக்குக் காய்கறி, பன்னீர், மக்காச்சோளம் எல்லாம் கொட்டி மலை மாதிரி வந்தால்தான் காசுக்கு நிறைவு. அது ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளின் மெதுவான அடுப்புக்குச் சரி, அங்கே தடித்த மாவு, பல நிமிடம் வேகிறது. இங்கே சரிப்படாது.

பார்சல் கிடையாது என்பதும் வீம்பு இல்லை. இந்த பீட்சாவின் விளிம்பு உப்பி, வெளியே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே ஈரமுமாக இருக்கும். அட்டைப் பெட்டியில் போட்டு மூடினால் தன் ஆவியிலேயே புழுங்கி, நீங்கள் ராஜீவ் காந்தி சிக்னல் தாண்டுவதற்குள் தோல் செருப்பு ஆகிவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இணையத்தில் ஒரு ஸ்டார் போடுவீர்கள், அந்த அம்மா அதை ஒருமுறை பார்த்தாராம், அதோடு பார்சல் நின்றது.

மாவு தீர்ந்துபோகும் கதை இன்னும் எளிது. நைசாக அரைத்த கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான், எண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. முந்தின நாளே பிசைந்து, உருட்டி, நம் ஊர் வெயிலுக்குப் பயந்து குளிர்பெட்டியில் மெதுவாகப் புளிக்க வைக்கிறார்கள். அந்த நீண்ட புளிப்புதான் விளிம்பில் சிறுத்தைப் புள்ளி மாதிரி கருப்புப் பொட்டுகளைக் கொடுப்பது, மாவுக்கு ஒரு லேசான புளிப்பு ருசி கொடுப்பதும் அதுதான். கூட்டம் வந்துவிட்டது என்று இன்னும் இருபது உருண்டை அவசரமாகப் பிசைந்து போட முடியாது. போட்டால் ரப்பர்.

இன்னொரு எரிச்சல் இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை, ஆனால் குடும்பத்தோடு போனால் கட்டாயம் வரும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வராது. அடுப்பில் ஒரு நேரம் இரண்டு, மிஞ்சினால் மூன்றுதான் பிடிக்கும், ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாக வேண்டும். எங்கள் மேசையில் ஆறு பேர், ஒவ்வொன்றாக வந்தது, மாமியார் எல்லோருக்கும் வரட்டும் என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வீட்டில் தோசை அப்படியா சாப்பிடுகிறோம்? கல்லில் இருந்து எடுக்க எடுக்கச் சுடச்சுட யாருக்கு வருகிறதோ அவர் சாப்பிடுவார். இங்கேயும் வருவதை வரும்போதே எல்லோரும் பிய்த்துச் சாப்பிட்டுவிட வேண்டும். நாலு வகை சொல்லி, எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்தால் காத்திருப்பதே தெரியாது.

வெட்டாமல் தருவது நேப்பிள்ஸ் வழக்கம், அங்கே கத்தியும் முள்ளும் தருவார்கள். முன்கூட்டியே எட்டாகக் கீறி வைத்தால் தக்காளிச் சாறு கீறல் வழியாக இறங்கி அடிப்பாகம் நசநசத்துவிடும். இது வரைக்கும் நியாயம். ஆனால் இந்தக் கடையில் கத்தியும் இல்லை, மேசைக்கு ஒரு தையல் கத்திரிக்கோல் வைக்கிறார்கள், கறுப்புப் பிடி வைத்த பெரிய கத்திரி. இது சுத்தக் கிறுக்குதான், ஆனால் உருளைக் கத்தியைவிட நன்றாக வெட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை போட மறுப்பதும் கிறுக்கு, செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. காசு மட்டும்தான் வாங்குவேன், ஜிபே கிடையாது என்பதற்கு எந்த அடுப்பும் காரணம் இல்லை. கெட்சப் விஷயத்தில் மட்டும் நான் அந்த அம்மா கட்சி. தக்காளியும் உப்பும் துளசி இனத்து இலையும் மட்டும் போட்டு ஒருவர் மெனக்கெட்டுச் செய்ததன் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றுவது கொஞ்சம் ஓவர்.

விறகு பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முடியாது. இத்தாலியில் ஓக், பீச் (beech) போன்ற மரங்கள். இங்கே சவுக்கு. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி கடலோரம் முழுக்க சவுக்குத் தோப்புதானே, மூன்று நாலு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும், சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் போக மீதி விறகு. கனமான கட்டை, சூடு அதிகம், நின்று எரியும். என் மாமனார் திண்டிவனம் பக்கம் பல வருஷம் சவுக்கு போட்டவர். பீட்சாவில் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை, வந்ததும் நேரே கொட்டகைக்குப் பின்னால் இருந்த விறகு அடுக்கைப் பார்க்கப் போய்விட்டார். அடுப்பில் நிற்கும் பையன் குயிலாப்பாளையத்துக்காரன், அவனைக் கூப்பிட்டு, "தம்பி, கட்டை எங்கேருந்து வருது?" என்றார்.

"மரக்காணம் பக்கத்துலேருந்துங்கய்யா."

"வெட்டி எத்தன நாளாச்சு?"

"போன கோடையில எறக்குனது. மிலாறு வேற, கட்டை வேறயா அடுக்கியிருக்கோம் பாருங்க."

மிலாறு என்றால் மெல்லிய சுள்ளி. மாமனார் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்று கேட்டால் காய்ந்திருக்கிறது, சொத்தென்று கேட்டால் ஈரம். கேட்டது கணீரென்றுதான். அப்புறம்தான் வந்து உட்கார்ந்தார். பற்ற வைக்க மிலாறு, சூடு ஏற்றப் பெரிய கட்டை, கடை நடக்கும்போது தீ நாக்கு அடங்காமல் இருக்க நடுத்தரத் துண்டு என்று அந்தப் பையனும் அவரும் பேசியதில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பத்தியில் பாதி. சாயங்காலம் ஆறரைக்குக் கடை திறக்க வேண்டும் என்றால் நாலு மணிக்காவது பற்ற வைத்தாக வேண்டுமாம், கல் உள்வரை சூடேற அவ்வளவு நேரம். மதியம் ஏன் கடை இல்லை என்பதற்கும் இதுதான் விடை. ராத்திரி தீயை இழுத்துவிட்டு வாயை மூடி வைத்தால் காலையிலும் ரொட்டி சுடும் அளவுக்குச் சூடு இருக்கும், அந்த ரொட்டியும் விற்கிறார்கள், எட்டு மணிக்குள் போனால் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: விறகின் புகை வாசனைதான் ருசிக்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். காய்ந்த கட்டை நன்றாக எரியும்போது புகையே அதிகம் இருக்காது, இருப்பதும் வாய்வழியாக வெளியே போய்விடுகிறது, ஒன்றரை நிமிடத்தில் மாவு எவ்வளவு புகையைப் பிடித்துவிடும்? ருசி அந்தச் சூட்டால் வருவது. அதனால்தான் அந்த நேப்பிள்ஸ் சங்கமே கேஸ் அடுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. எனக்குக் கேஸின் மேல் விரோதம் இல்லை. குவிமாடத்துக்குள் பர்னரை ஒளித்து வைத்துவிட்டு, முன்னால் நாலு கட்டையைப் படத்துக்கு அடுக்கி, விறகு அடுப்பு என்று விலை போடுகிறார்கள் பாருங்கள், அவர்கள்மேல்தான். கண்டுபிடிப்பது சுலபம். தீ ஒரு பக்கம் ஒரே சீராக நீலமாக எரிந்தால் கேஸ். உள்ளே கங்கும் சாம்பலும் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பீட்சாவைத் தூக்கி அடியைப் பாருங்கள், அங்கங்கே கருப்புப் பொட்டு இருந்தால் சரி, அடி முழுக்கக் கரி என்றால் கல்லில் சிந்திய மாவைத் துடைக்காமல் சுட்டிருக்கிறார்கள், கசக்கும். வெளுத்துப் போயிருந்தால் கல் ஆறிவிட்டது. சனிக்கிழமை எட்டு மணிக்கு நல்ல கடையிலும் இது நடக்கும், அடுத்தடுத்துப் போடப் போட ஒவ்வொன்றும் கல்லின் சூட்டைக் குடித்துவிடுகிறது, திரும்பச் சூடேற விடாமல் நாம் அவசரப்படுத்துகிறோம்.

என்ன சாப்பிடுவது? முதல் தடவை போனால் மார்கரீட்டா, தக்காளி, சீஸ், துளசி இனத்து இலை மட்டும் போட்டது. தப்பை மறைக்க அதில் ஒன்றும் இல்லை. அடுத்தது மரினாரா, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும், சீஸே கிடையாது, சீஸ் இல்லாமல் பீட்சாவா என்று என் தங்கை சிரித்தாள், பிறகு என் தட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டாள். நேப்பிள்ஸில் 1870இலிருந்து இருக்கும் தா மிகேலே கடை நெடுங்காலம் பேர் வாங்கியதே இந்த இரண்டை மட்டும் வைத்துத்தான். எங்கள் கடையில் வகை ஏழெட்டு இருக்கும். அதில் முருங்கைக்கீரையையும் தோப்பு முந்திரியையும் பூண்டோடு அரைத்துப் பூசி ஒன்று செய்கிறார்கள், கேட்கும்போது வம்பாகத் தோன்றும், சாப்பிட்டுப் பாருங்கள். கத்தரிக்காய் போட்டதைத் தவிர்க்கலாம், எண்ணெய் சொட்டும்.

விலை ஒன்று 450இலிருந்து 600 ரூபாய். இருவர் இரண்டு சொல்லி, குடிக்க ஏதாவது வாங்கினால் ஆயிரத்து நானூறு வரை ஆகிவிடும். இதே காசுக்குச் சங்கிலிக் கடையில் வயிறு இன்னும் நிறையும், அதை மறுக்கவில்லை. வயிறு நிறைவதுதான் கணக்கு என்றால் இங்கே வராதீர்கள், கோபப்பட்டுத் திரும்புவீர்கள். நல்ல மாவை நல்ல சூட்டில் சுட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால் இந்த விலை அதிகம் இல்லை. மாமனார், பாவம், சாப்பிட்டு முடித்துவிட்டு ஊறுகாய் கேட்டார். கெட்சப்புக்கே அந்தப் பலகை போட்ட இடம், நாங்கள் பயந்துபோய் அவர் கையை அமுக்கினோம். அந்தப் பையன் சத்தமில்லாமல் உள்ளே போய், அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மோர்மிளகாய் நாலைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். முதலாளியம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போவதாக இருந்தால் வார நாளில், ஏழு மணிக்குள் போங்கள், கல் முழுச் சூட்டில் இருக்கும், கூட்டமும் இருக்காது. ரொக்கம் எடுத்துப் போங்கள். கொசு உண்டு, காலை மூடும் உடை நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போன் செய்யாமல் கிளம்பாதீர்கள், விறகு நனைந்திருந்தால் அந்த அம்மா கடையையே திறக்க மாட்டார், கேட்டால் மழை நின்றபிறகு வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்.