காற்றில்லாத இடத்தில் என்ன காற்று?

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்க வானாய்வகம் இருக்கும் சதர்லாந்து போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. ‘ஈட்டா கரினே என்ற ராட்சத விண்மீன் காற்றாக வீசி எடை இழக்கிறது, அதனால்தான் அதன் ஒளி ஏறி இறங்குகிறது’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். விண்வெளியில் காற்றே இல்லையே, அப்புறம் என்ன காற்று? எடை குறைந்தால் ஒளியும் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வே., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள வே.,

இரண்டாவது கேள்வியில் உங்கள் மகள் என்னைப் பிடித்துவிட்டாள். அந்த வரி தப்பு. அவசரத்தில் ஒரு ‘அதனால்தான்’ போட்டு இரண்டு விஷயங்களை முடிச்சுப் போட்டது நான்தான்.

முதலில் காற்று. நாம் சுவாசிக்கும் காற்று இல்லை அது, விண்மீனின் மேல்பரப்பை விட்டு வெளியே ஓடும் வாயுவுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கும் உண்டு, நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் போகிறது. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் இதே வேகத்தில் ஆயுள் முழுக்கப் போனாலும் சூரியனின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஈட்டா கரினே கதை வேறு. ஆயிரம் வருடத்துக்கு ஒரு சூரியன் என்ற கணக்கில் கரைகிறது, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பூமி.

சூரியனில் வாயுவைத் தள்ளுவது சூடு. இங்கே தள்ளுவது ஒளி. சுமார் ஐம்பது லட்சம் சூரியன்களின் ஒளி ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று வையுங்கள். அந்த வாயுவில் கொஞ்சம் இரும்பு இருக்கிறது, இரும்பு அணு தனக்கென்று உள்ள சில நிறங்களை மட்டும் விழுங்கும். ஒளி வருவது உள்ளேயிருந்து, ஆகவே ஒவ்வொரு விழுங்கலும் அணுவை வெளிப்பக்கம் ஒரு தள்ளு தள்ளுகிறது. விழுங்கியதை அது எல்லாத் திசையிலும் துப்பிவிடுவதால் அந்த உதைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், முதல் தள்ளு மட்டும் மிஞ்சும்.

சரி, கீழே இருக்கும் வாயுவே அந்த நிறங்களைத் தின்றுவிட்டால் மேலே இருப்பதற்கு என்ன மிச்சம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் காவடிக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் தலை சாமியை மறைக்கும், அரை அடி நகர்ந்தால் தெரியும் இல்லையா, அது மாதிரி, மேலே உள்ள வாயு வேகமாக ஓடுவதால் அதற்கு வேண்டிய நிறம் சற்றே விலகிவிடுகிறது (விலகிப்போகும் ஆம்புலன்ஸின் சத்தம் தாழ்ந்து கேட்பதும் இதே சங்கதி), அந்த நிறத்தைக் கீழே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அதை விழுங்கி இன்னும் வேகம் பிடிக்கும், இன்னும் நகரும். 1975-இல் காஸ்டர், அபட், க்ளைன் என்ற மூவர் இதை முறையான கணக்காக்கினார்கள். இரும்பு குறைந்தால் காற்றும் மெலியும், இரும்பு குறைந்த பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களின் பெரிய விண்மீன்களில் அதைப் பார்க்கிறார்கள்.

இனி என் தப்பு. இவ்வளவு கனமான விண்மீனில் ஈர்ப்பு உள்ளே இழுப்பதும் ஒளி வெளியே தள்ளுவதும் கிட்டத்தட்ட சமம், மயிரிழையில் நிற்கிறது. அதனால் மேலடுக்கு சில வருடங்களுக்கு வீங்கும், பிறகு சுருங்கும். வீங்கும்போது மேற்பரப்பு குளிர்கிறது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் போய்க்கொண்டிருந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் வந்து சேர்கிறது. மொத்த ஒளி அதிகம் மாறுவதில்லை, நமக்குத்தான் பிரகாசமாகத் தெரிகிறது. எஸ் டொராடஸ் என்ற விண்மீனைப் பார்த்து இந்த வகை ஆட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். வெப்பம் சுமார் 21,000 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இரும்பின் நிலை மாறி அது இன்னும் அதிக ஒளியைப் பிடிக்கிறது, காற்று பல மடங்கு கூடுகிறது என்பது கணிப்பு. ஆக, ஒளி மாறும்போது காற்றும் மாறுகிறது. நான் தலைகீழாக எழுதிவிட்டேன்.

ஆனால் ஈட்டா கரினே செய்தது வெறும் நிற மாற்றம் இல்லை. கேப் டவுனில் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1837 டிசம்பர் 16 இரவு பார்த்தபோது, பழகிய விண்மீன் ஒன்று திடீரென்று ரைஜல் என்ற பிரகாசமான விண்மீனைத் தாண்டி எரிந்துகொண்டிருந்தது. வானத்தில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ், 1843-இல் அதற்கு அடுத்து இதுதான். அந்தச் சில வருடங்களில் குறைந்தது பத்து சூரியன் அளவு வெளியே வீசப்பட்டது, அமைதியான காற்றால் அதைச் செய்ய முடியாது. காற்று திட்டுத்திட்டாக வீசுகிறது என்று தெரிந்தபிறகு பழைய காற்றுக் கணக்குகளையெல்லாம் குறைத்துவிட்டார்கள், ஆகவே இந்த ராட்சதர்கள் எடை இழப்பதில் இப்படிப்பட்ட வெடிப்புகளுக்குத்தான் பெரிய பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. வெடிப்பு ஏன் என்பதில் இன்னும் கட்சி கட்டிச் சண்டை நடக்கிறது, இரண்டு விண்மீன்கள் ஒன்றாகிவிட்டன என்பது ஒரு கட்சி. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து முதன்முதலாக டர்பனில் இறங்கியபோது அது மங்கத் தொடங்கியிருந்தது.

ஐந்தரை வருடத்துக்கு ஒருமுறை வரும் சின்ன மாற்றம் வேறு கணக்கு. கூடவே ஒரு துணை விண்மீன் சுற்றுகிறது, அது நெருங்கி வரும்போது இரண்டின் காற்றும் மோதும் இடம் கலைகிறது. நம் சதர்லாந்தில் பல வருடம் எடுத்த அகச்சிவப்பு அளவீடுகளும் இதைக் கண்டுபிடிக்க உதவின.

கட்டுரையில் வரியைத் திருத்திவிட்டேன், மகளிடம் சொல்லுங்கள். மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், அதற்கு வலப்பக்கம் ஒரு மங்கலான பஞ்சுத்துண்டு. அதற்குள்தான் ஈட்டா கரினே இருக்கிறது. சாட்ஸ்வொர்த் வெளிச்சத்தில் கஷ்டம், முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் இருந்த காலத்தில் வாசலிலேயே பார்த்தேன் (அதனால் விளைந்த ஒரே நன்மை). இப்போது ஊரைத் தாண்டிப் போகவேண்டும், பைனாகுலர் மறக்காதீர்கள்.