‘நாட் விசிபிள்’ என்றால் காலி டிவைஸா? ஸ்டோரேஜ் கேள்வி பதில்

பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் இஎம்சி சிமெட்ரிக்ஸ் குடும்ப ஸ்டோரேஜ் பெட்டிகளில் (டிஎம்எக்ஸ், விமேக்ஸ்) இருக்கும் டிவைஸ்களைப் பார்க்க ‘சிம்டெவ் லிஸ்ட்’ கட்டளை அடித்தால் வரும் பட்டியலை எப்படிப் படிப்பது? மதுரைப் பக்கம் சர்வர் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி (கப்பலூர்): அண்ணே, பட்டியலில் பாதிக்கு மேல் ‘நாட் விசிபிள்’. யாரும் பயன்படுத்தாததுதானே? எடுத்துப் புது சர்வருக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுங்க தம்பி. நீங்கள் கட்டளை அடித்த சர்வருக்கு அந்த டிவைஸ் தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தெற்குக் கோபுர வாசலில் நிற்பவனுக்கு வடக்கு வாசலில் யார் செருப்பு விட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? பக்கத்து ரேக்கில் இருக்கும் பில்லிங் சர்வர் இந்த நிமிஷம் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

பட்டியலில் அடுத்த நெடுவரிசையைப் பாருங்கள், சர்வர்கள் வந்து இணையும் முன்பக்க போர்ட் வரும் இடம். ‘***:*’ என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட்டில் மேப் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது). ‘07சி:0’ மாதிரி வந்தால் ஒரே போர்ட். இரண்டுமே யாருக்கோ கொடுக்கப்பட்ட டிவைஸாகத்தான் இருக்கும். ‘???:?’ என்றால் எந்த போர்ட்டிலும் மேப் ஆகவில்லை. அதற்காக அதையும் உடனே தூக்கிவிடாதீர்கள். வரிசையின் கடைசியில் அளவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும், அதற்கு முன்னால் சின்ன (எம்) எழுத்தும் இருந்தால் அது மெட்டாவின் (பல டிவைஸ்களைச் சேர்த்து ஒன்றாக்கியது) உறுப்பு. மொத்த அளவும் பெரிய (எம்) போட்ட தலை டிவைஸின் பேரில் இருக்கும். கான்ஃபிக் நெடுவரிசையில் ‘பிசிவி’ (வேறொரு டிவைஸின் நகலை வைக்கும் டிவைஸ்) என்று இருந்தால், நேற்று ராத்திரி எடுத்த நகல் அதில் இருக்கலாம். இதெல்லாம் இல்லை என்றால் ‘சிம்டெவ் ஷோ’ அடித்து முழு விவரத்தையும் படியுங்கள், அப்புறம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

கேள்வி (வடபழஞ்சி): 0099க்கு அப்புறம் 009ஏ வருகிறதே, பிழையா சார்?

பதில்: இல்லை, ஹெக்ஸ் எண் (பதினாறு அடிப்படை, 9க்கு அப்புறம் ஏ முதல் எஃப் வரை). 0010 முதல் 0020 வரை எத்தனை டிவைஸ்? 11 என்பார்கள், 17தான் சரி.

கேள்வி (மேலூர்): டிஆர் சைட்டில் (பேரிடர் வந்தால் கைகொடுக்கும் மாற்று இடம்) எல்லாமே ‘டபிள்யூடி’ என்று காட்டுகிறது. மேனேஜர் பதறுகிறார்.

பதில்: எழுதத் தடை என்று பொருள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே எஸ்ஆர்டிஎஃப் நகல் ஓடும்போது ஆர்2 பக்கம் (நகலை வாங்கும் பக்கம்) அப்படித்தான் இருக்க வேண்டும். பிரதான சைட் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரும் ஸ்ப்ளிட் செய்யாமலே (நகல் இணைப்பைப் பிரிக்காமலே) அங்கே ‘ஆர்டபிள்யூ’ (படிக்க, எழுத அனுமதி) வந்தால்தான் பதற வேண்டும். எஸ்டாப்ளிஷ் ஆன (மூலத்தோடு நகல் இணைப்பில் இருக்கும்) பிசிவி ‘என்ஆர்’ (தயாராக இல்லை) என்று காட்டுவதும் இயல்பே.

கேள்வி (திருமங்கலம்): சுமார் 3 எம்பியில் குட்டி டிவைஸ்கள் எதற்கு அண்ணே?

பதில்: கேட்கீப்பர். நீங்கள் அடிக்கும் கட்டளைகள் பெட்டிக்குள் போகும் வழி. அதில் ஃபைல் சிஸ்டம் போட நினைக்காதீர்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): புது லன் (சர்வருக்குக் கொடுத்த டிவைஸ்) ஓஎஸ்ஸில் தெரிகிறது, பட்டியலில் மட்டும் இன்னும் ‘நாட் விசிபிள்’.

பதில்: பட்டியல் உங்கள் சர்வரில் இருக்கும் சிம்ஏபிஐ டேட்டாபேஸிலிருந்து (இந்தக் கட்டளைகள் விவரத்தைச் சேமித்து வைக்கும் இடம்) வருகிறது. ‘சிம்சிஎஃப்ஜி டிஸ்கவர்’ ஓட்டுங்கள், புதுப்பித்துக்கொள்ளும். பவர்பாத் (ஒரே டிவைஸுக்குப் போகும் பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) இருந்தால் ‘பவர்எம்டி டிஸ்ப்ளே டெவ்=ஆல்’ காட்டும் லாஜிக்கல் டிவைஸ் ஐடியும் சிம்டெவ் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மவுன்ட் செய்யுங்கள்.