அப்பப்பாவின் புத்தகங்களும் நாற்பது இலட்சமும்

சென்ற சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. தந்தை புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதுபவர். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று பாடங்களிலும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியல் பீடத்தின் வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. லண்டனில் இருக்கும் பெரியப்பா தொலைபேசியிலேயே முடிவு சொல்லிவிட்டார்: தனியார் நிறுவனம் ஒன்றில் தரவு விஞ்ஞானப் பட்டம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சான்றிதழ். எல்லாமாக நாற்பது இலட்சம் ரூபாய். ஊர்க் காணியை ஈடு வைத்தால் கடன் கிடைக்குமாம்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான ஆறுதல்களைத்தான் சொன்னேன். புள்ளி குறைந்தால் வாழ்க்கை முடிந்துவிடாது, இன்னும் ஒருமுறை எழுதலாம், இப்படி. அப்போது தாயார் பையிலிருந்து ஒரு கோடுபோட்ட கொப்பியை எடுத்து மேசையில் போட்டார். "படிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், சேர். நீங்களே பாருங்கள்."

பார்த்தேன். அதன் பிறகு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, அப்பப்பா விட்டுப்போன இரண்டு தகரப்பெட்டிப் புத்தகங்களை அந்தப் பிள்ளை பட்டியல் போட்டிருக்கிறாள். முதல் நான்கு பக்கங்களில் தலைப்பு அகர வரிசை. பிறகு அதைக் குறுக்கே கோடிட்டு வெட்டியிருக்கிறாள். ஐந்தாம் பக்கத்திலிருந்து கட்டங்கள் வருகின்றன: எதைப் பற்றியது, எந்த ஊர், எந்தக் காலம், யார் எழுதியது, இப்போது யாரிடம். ஒரே எழுத்தாளர் ஓர் அட்டையில் முதலெழுத்தோடும், இன்னோர் அட்டையில் தந்தை பெயர் முழுதாகவும், வேறோர் அட்டையில் புனைபெயரிலும் வருகிறார். அந்த மூன்று இடத்திலும் பென்சிலால் ஒரே எண்ணைப் போட்டு, கடைசிப் பக்கத்தில் 'இவர்கள் ஒருவரே' என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறாள். நூற்பட்டியலாக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் கொடுக்கும் பெரிய தலையிடி இதுதான். பயிற்சி பெற்றவர்களே இதில் தடுக்கி விழுவதுண்டு. இவளுக்கு அப்போது பதினான்கு வயது, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

"இவள் நூலகவியல் படிக்கட்டும்" என்றேன். தந்தைக்கு முகம் வாடிவிட்டது. "புத்தகத்துக்கு முத்திரை குத்துகிற வேலையா, சேர்?"

அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அதே கேள்வியோடு வேறு பெற்றோரும் இருப்பார்கள்.

சீர்காழியில் 1892 இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனும் கணிதக்காரர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு நூலகரைத் தேடியபோது ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகத்துறையில் முறையாகப் பயின்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. இரங்கநாதனுக்கு அத்துறையில் இருந்த முழு அறிவும், நேர்முகத்துக்குச் சில நாட்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் வாசித்த ஒரு கட்டுரை. 1924 ஜனவரியில் வேலையை ஏற்றார். சில நாட்களிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல், வகுப்பறைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டுவிட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று அவரை அனுப்பி வைத்தார்கள்.

லண்டனில் பாடத்தை விட அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு விளையாட்டுச் சாமான். ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மைத் தொகுதியை வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே பட்டைகள், அதே திருகாணிகள். கூட்டுகிற விதத்தில் ஒருமுறை பாரந்தூக்கி, இன்னொருமுறை வண்டி. நூலின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்து வேண்டியபடி கூட்டலாமே என்று தோன்றியது. அதுவரை புழக்கத்தில் இருந்த முறைகள், உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் முன்கூட்டியே எண்ணி அடுக்கிவிட்டு, புதிய நூலை ஏதாவது ஓர் அறைக்குள் திணித்துக்கொண்டிருந்தன. இரங்கநாதன் அறைகளையே கலைத்தார். ஊர் திரும்பும் கப்பலில் இருந்த சிறு நூலகத்தை அடுக்கிப் பார்த்துத் தம் முறையைச் சோதித்தாராம். 1933 இல் அது கோலன் (முக்காற்புள்ளி) பகுப்புமுறையாக அச்சேறியது.

எப்படி வேலை செய்கிறது என்று ஓர் உதாரணம். 'நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை, 1950களில் இந்தியாவில் நடந்த ஆய்வு' என்று ஒரு நூல். அவருடைய முறையில் மருத்துவத்துக்கு ஓர் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேக்கு 253, இந்தியாவுக்கு 44. ஒவ்வொரு துண்டும் தனித்தனி. நாளைக்கு அதே நோயைப் பற்றி வேறொரு நாட்டு நூல் வந்தால் இடத்தின் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இப்போது இணையக் கடையில் சேலை தேடும்போது நிறம், விலை, துணிவகை என்று பக்கத்தில் கட்டங்கள் வருகின்றன அல்லவா? அந்தச் சிந்தனைக்கு முன்னோடி இவர்தான். பதினான்கு வயதுப் பிள்ளை அகர வரிசையைக் கோடிட்டு வெட்டிவிட்டு எது, எங்கே, எப்போது என்று கட்டம் போட்டதை நான் ஏன் வெறித்துப் பார்த்தேன் என்பது இப்போது தந்தைக்கு விளங்கியிருக்கும்.

1931 இல் வந்த 'நூலகவியலின் ஐந்து விதிகள்' நூலில் நான்காம் விதி: வாசகரின் நேரத்தைச் சேமி. இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்றும், கலியாணம் முடிந்த அன்று பிற்பகலே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றும் சொல்கிறார்கள். வாசகரின் நேரத்தைச் சேமித்தவர் தம்முடையதை வாரி இறைத்திருக்கிறார். அதைப் பிள்ளைக்கு முன்மாதிரியாகச் சொல்லமாட்டேன்.

'அது இந்தியாவில், சேர்' என்று பெரியப்பா சொல்லக்கூடும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கட்டியபோது ஆலோசனை சொன்னவரும் இதே இரங்கநாதன்தான். 1959 இல் திறந்த அந்த நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981 இல் எரிந்தன. எரிந்ததில் என்னென்ன இருந்தன என்று தெரிந்துகொள்ளவும் ஒரு பட்டியல்தான் வேண்டும். நம் நாட்டிலேயே பேராதனை நூலகர் இயன் குணதிலக்க, இலங்கை பற்றி எழுதப்பட்டவற்றை 1970 முதல் ஐந்து தொகுதிகளாகப் பட்டியலிட்டு வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நூல்களை, தொகுதிக்கு ஆயிரம் வீதம், 'நூல்தேட்டம்' என்று தொகுத்துவரும் என். செல்வராஜாவும் நூலகர்தான். அவர் இருப்பது இங்கிலாந்தில். பெரியப்பா விரும்பினால் விசாரித்துப் பார்க்கலாம்.

இனிப் பணத்துக்கு வருவோம். இந்த விடயத்தில் நான் இளகமாட்டேன். நாற்பது இலட்சத்துக்கு வட்டி நூற்றுக்குப் பதினான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 560,000 ரூபாய், மாதத்துக்கு 46,667. அதுவும் வட்டி மட்டும். கடன் வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இந்தக் கூட்டலை வீட்டில் இதுவரை போட்டுப் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு வியப்பு. தரவு விஞ்ஞானம் மோசமான படிப்பு அல்ல. அந்தப் படிப்பைக் கேட்கிற பிள்ளைக்கு நானே வழி சொல்வேன். ஆனால் உங்கள் மகள் அதைக் கேட்கவில்லை. கேட்டவர் பெரியப்பா. கடனில் கையெழுத்துப் போடப்போவது அவர் அல்ல. காணியை ஈடு வைக்காதீர்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் பௌதீக விஞ்ஞானத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமிருந்து கடிதம் வந்தால், எந்த மாவட்டமானாலும் அவளை அனுப்புங்கள். 'பொறியியல் இல்லையென்றால் எதற்கு' என்ற பேச்சை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். கடிதம் வராவிட்டால் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணிதத்தோடு விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். ஆண்டுதோறும் எடுக்கும் பாடங்களுக்குத்தான் கட்டணம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கட்டவேண்டிய தலைவிதி இல்லை.

அதனோடு சேர்த்து இலங்கை நூலகச் சங்கத்தின் நூலக, தகவல் விஞ்ஞான டிப்ளோமா. 1960 இல் தொடங்கிய சங்கம் அது, பின்னர் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. அலுவலகம் கொழும்பு 7 இல். படிப்பு மூன்று நிலைகள், தமிழிலும் உண்டு. தமிழ் வகுப்பு எப்போது தொடங்குகிறது, கட்டணம் எவ்வளவு என்பதைத் தொலைபேசியில் கேட்காமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரே போய்க் கேளுங்கள். பட்டம் கையில் வந்த பிறகு மேற்படிப்புக்கு இரண்டு வாசல்கள்: களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் விஞ்ஞானத் துறை, அல்லது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999 இல் அமைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம்.

முத்திரை குத்துகிற வேலையா என்று கேட்டீர்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் துணைவேந்தர், பீடாதிபதிகள், பதிவாளர், நிதியாளர் என்று அலுவலர்களை எண்ணும் பட்டியலில் நூலகரும் இருக்கிறார். அந்த ஏணியின் முதற்படி உதவி நூலகர். அதற்கு நல்ல தரத்தில் ஒரு சிறப்புப் பட்டம் வேண்டும். கணிதமானாலும் சரி, வரலாறானாலும் சரி. ஆகவே டிப்ளோமா கிடைத்துவிட்டது என்று பட்டத்தைக் கைவிட்டுவிடக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகைக் காப்பகங்கள், சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. ஆவணங்களை எண்ணிமமாக்கும் வேலையும் வளர்கிறது. நம் ஆவணங்களுக்காக 'நூலகம்' என்ற நிறுவனம் 2005 முதல் செய்துவருவதை இணையத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். படத்தை ஏற்றுவது ஸ்கேனர். அதை நாளைக்கு ஒருவர் தேடி எடுக்கும்படி விவரம் எழுதுகிறவர்தான் நூலகர். தமிழ் அட்டையை வாசிக்கத் தெரிந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விவரம் எழுதக்கூடிய ஒருவரை இந்த நகரத்தில் எளிதாகத் தேடிப் பிடிக்க முடியாது. உங்கள் மகளுக்கு மூன்றும் வரும். வீட்டில் யாரும் அதை ஒரு தகைமையாக எண்ணியிருக்கவில்லை.

கசப்பானதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் தரகன்தான். அரச நூலகர் பதவிகளுக்கு வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், சில வேளை ஆண்டுக்கணக்கில். தொடக்கச் சம்பளம் கலியாண வீட்டில் பெருமையாகச் சொல்லக்கூடியதாக இராது. நேரம் மிஞ்சிய ஓர் ஆசிரியரிடம் நூலகத் திறப்பைக் கொடுத்துவிட்டு, நூலகம் இயங்குகிறது என்று சொல்லும் பாடசாலைகளும் இருக்கின்றன. இவ்வளவையும் பிள்ளைக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, கொழும்பில் பெரிய பட்டியல் எங்கே இருக்கிறது என்பது.

1925 இல் தொடங்கி, இப்போது விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கொழும்புப் பொது நூலகத்துக்கு முதலில் போகச் சொன்னேன். அடுத்து சுதந்திர அவெனியூவில் தேசிய நூலகம். நம் நாட்டுப் புத்தகங்களின் பின்னட்டையில் 955 அல்லது 624 என்று வரும் நியம நூல் எண்ணை (ISBN) வழங்குவது அங்கேதான். கொப்பியையும் கொண்டுபோய், அங்குள்ள நூலகர் ஒருவரிடம் காட்டி, எங்கே பிழை என்று கேட்கச் சொன்னேன்.

தந்தை அதுவரை கொப்பியைத் தொடவில்லை. புறப்படும் வேளையில் எடுத்துப் புரட்டினார். கணக்கு எழுதுகிறவருடைய கண், கட்டங்களின் ஓரத்துக்குத்தான் முதலில் போனது. 'இப்போது யாரிடம்' என்ற கட்டத்தில் ஏழு இடங்களில் சிவப்பு மையில் ஒரே சொல் இருந்தது.

"இது யார்?" என்று கேட்டார்.

"லண்டன் பெரியப்பா, அப்பா" என்றாள் பிள்ளை. "போகும்போது கொண்டுபோனவர். இன்னும் திருப்பித் தரவில்லை."