வீடியோவுக்கு முன்னால் ஒரு கத்தரிப்பூ

கேள்வி: அணைக்கட்டு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மகரந்தச் சேர்க்கை பற்றி நல்ல அனிமேஷன் வீடியோ போட்டேன். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள். மறுநாள் பூவைக் கையில் கொடுத்து, மகரந்தம் வந்து ஒட்டும் சூலகமுடி எது என்றால் முழிக்கிறார்கள். ஸ்மார்ட் போர்டும் என் செல்போனும்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: வீடியோவைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், டீச்சர். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறம், ஒரு பெயர்ச்சீட்டு. நிஜப் பூவில் அது எதுவும் கிடையாது. அதனால்தான் முழிக்கிறார்கள்.

உங்கள் பக்கத்து இலவம்பாடி முள்கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தச் செடியிலிருந்தே தொடங்கலாம். ஆளுக்கொரு பூ கொண்டுவரட்டும். ஊதா இதழுக்கு நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னத் துளை. மகரந்தத்தூள் அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

போன் கேமரா மேல் ஒரு கைலென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். ஜூம் செய்யாமல் போனையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் அந்தத் துளை தெளிவாக விழும். படத்தை ஸ்மார்ட் போர்டில் போட்டு, பாகங்களின் பெயரைப் பிள்ளைகளே எழுதட்டும்.

எல்லாப் பூவையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். சிலவற்றில் சூலகமுடி கூம்பைத் தாண்டி நீட்டியிருக்கும், சிலவற்றில் உள்ளேயே ஒளிந்திருக்கும். சூலகமுடியைத் தாங்கும் தண்டு குட்டையாக இருக்கும் பூ பெரும்பாலும் காய் பிடிக்காமல் உதிரும். கத்தரி போட்ட வீட்டுப் பிள்ளைக்கு, அப்பா ‘பூ கொட்டுது’ என்று புலம்புவதில் ஒரு பங்கு இது என்று அப்போது புரியும். எத்தனை பூ நெட்டை, எத்தனை குட்டை என்று எண்ணச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். கருவண்டு இந்தக் கூம்பைக் கட்டிப்பிடித்து, இறகை அடிக்காமல் பறப்புத் தசையை மட்டும் அதிரவிடும். தூள் பொலபொலவென்று கொட்டும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வண்டுக்காகக் காத்திருக்க முடியாதே! இயற்பியல் லேப்பிலிருந்து 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) ஒன்றை வாங்கி, தட்டிவிட்டு, கூம்பில் தொடுங்கள். கீழே கறுப்புத் தாள். போனை ஸ்லோமோஷனில் வைத்து ஒரு பிள்ளை படமெடுக்கட்டும்.

அதன்பிறகு அதே அனிமேஷனைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். விளக்கம் சொல்வது பிள்ளைகள் வேலை.

பூ மட்டும் அன்று காலை விரிந்ததாக, பனி காய்ந்தபின் பறித்ததாக இருக்க வேண்டும். ஈரப் பூவில் தூள் ஒட்டிக்கொள்ளும்.