கிட்டாரைப் பிடுங்கி வைப்பதற்கு முன்

அக்கா, படிப்பை விட்டுவிட்டு கிட்டாரோடு போகிறேன் என்கிற மகன், "பாடகர் பிரையன் ஆடம்ஸ் பள்ளிக்கூடம் முடித்தாரா?" என்று கேட்கிறான், பதில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முடிக்கவில்லைதான். ஆனால் அவன் கதையில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

1959-ல் கனடாவின் கிங்ஸ்டனில் பிறந்த ஆடம்ஸ், பதினாறு வயதிலேயே வான்கூவரில் ஸ்வீனி டாட் குழுவின் பாடகர். 1978-ல் அங்கே ஒரு இசைக்கருவிக் கடையில் ஜிம் வாலன்ஸைச் சந்தித்தார். வாலன்ஸ் ஏழு வயது மூத்தவர், பிரிசம் குழுவுக்குப் பாட்டெழுதிக் கைதேர்ந்தவர். இருவரும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனம் ஆடம்ஸோடு போட்ட ஒப்பந்தத்தின் தொகை 1 டாலர். ஆமாம், ஒரே ஒரு டாலர்! 1980-ல் வந்த முதல் ஆல்பம் பெரிதாகப் போகவில்லை. மூன்றாவது ஆல்பம் 1983-ல் வந்த பிறகுதான் ஊருக்குப் பெயர் தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த 'ரெக்லெஸ்' கனடாவில் மட்டும் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

பிள்ளைகள் படிப்பை விட்டதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து வருடமும் விடாமல் எழுதியதை யாரும் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை உங்கள் மகன் வந்தபோது மூன்று பாட்டு வாசித்தான். விரல் நன்றாக ஓடுகிறது. "சரி, உன்னுடையது ஒன்று வாசி" என்றேன். ஃபோனில் பாதிப் பாட்டாக பதினொன்று இருந்தது. முழுதாக ஒன்றுகூட இல்லை. என் கவலை அங்கேதான். கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் பாட்டை வாசித்தால் அன்றைய கூலியோடு சரி. சொந்தப் பாட்டென்றால், வானொலியில் ஒலிக்கும்போதெல்லாம் கனடாவின் இசை உரிமை அமைப்பான சோகான் பணம் வசூலித்து, எழுதியவருக்குப் பங்கு அனுப்பும்.

இதில் ஒரு வேடிக்கை. 1991-ல் வந்த ஆடம்ஸின் ஆல்பமே, கனடா வானொலிகளுக்கான விதிப்படி 'கனடியப் படைப்பு இல்லை' என்று ஒதுக்கப்பட்டது. பாட்டுகளை வெளிநாட்டுக்காரரான மட் லாங்கோடு சேர்ந்து எழுதியதுதான் வினை. இசை, பாடியவர், பதிவான இடம், வரிகள் என்ற நான்கில் குறைந்தது இரண்டு கனடாவுடையதாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் அதைத் திருத்தினார்கள். யார் எந்த வரியை எழுதினார் என்பதை அன்றைக்கே காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நண்பர்களுக்குள் பேச்சு நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பன்னிரண்டாம் வகுப்பை அவன் முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை. அப்புறம் டொராண்டோவின் ஹம்பர் கல்வி நிலையத்தில் இசைப் பட்டப்படிப்பு இருக்கிறது. வாசித்துக் காட்டித்தான் அங்கே இடம் வாங்க வேண்டும். அதற்குள் அந்தப் பதினொன்றில் மூன்றையாவது முழுதாக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கூட எழுதும் பையனையும் அழைத்து வரட்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட தாளும் கையில் இருக்கட்டும்.