வாசகர் கடிதம்: கோபி பக்கம் ஓட்டு வீடும் நாலு ஏக்கராவும்

வணக்கம் அண்ணா,

நானும் என் வீட்டுக்காரரும் சென்னையில வேலை பாக்கறோம், ரெண்டு பேருமே டவுன்ல வளந்தவங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமத்துல நாலு ஏக்கரா தோட்டமும் அதுக்குள்ள பழைய ஓட்டு வீடும் விலைக்கு வந்திருக்கு. திண்ணை, மரத்தூண், நடுவுல தொட்டிக்கட்டு, சுத்தி தென்னை. ஒரு கிணறு இருக்கு, பக்கத்துலயே வாய்க்கா. பாத்ததுலேர்ந்து மனசு அங்கயே நிக்குது. பட்டா கிளியரா இருக்கு, இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்கனு புரோக்கர் அவசரப்படுத்துறார். தோட்டத்து மூலையில வயசான தம்பதி ஒருத்தர் குடியிருக்காங்க, அவங்கள காலி பண்ணிக் குடுத்துடுறோம்னு சொல்றாங்க. வாங்கலாமா? என் பேர் போட வேணாம்.

---

வணக்கம்மா,

வாங்கலாம். ஆனா இந்த மாசத்துக்குள்ள வேணாம், அட்வான்ஸ்னு ஒரு ரூபா கூட இப்போ குடுக்காதீங்க. திண்ணையும் தூணும் எனக்கும் பிடிக்கும்தான், ஆனா நீங்க வாங்கப் போறது தண்ணியும் தடமும், அதாவது தோட்டத்துக்குப் போற வழியும். கடிதத்துல தண்ணி பத்தி ஒரே வரி, தடத்தப் பத்தி ஒண்ணுமே இல்ல, எனக்கு பயம் அங்கதான்.

கோபி சுத்துவட்டாரத்துல வாய்க்கா தண்ணி எல்லாம் ஒண்ணு கிடையாது. கொடிவேரி அணைக்கட்டுலேர்ந்து பிரியற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பழைய பாசனம். 1955ல பவானிசாகர் அணை முடிஞ்சு வந்த கீழ்பவானி வாய்க்கா வேற. கீழ்பவானியில மொத்தம் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயற நிலம், அதை ரெண்டு பாதியா பிரிச்சு ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்குல நெல்லுக்கு தொறப்பாங்க, இன்னொரு பாதிக்கு தை மாசம் பக்கம் கடலை, எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு நனைப்பு வச்சு, அதாவது விட்டு விட்டு, தண்ணி விடுவாங்க, அடுத்த வருசம் மாறும், அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான். அதனால இந்த நிலம் எந்த வாய்க்கா, எந்த மதகு, ஆயக்கட்டுல சேந்ததா இல்லையானு பாசன சபைக்காரங்ககிட்டயே நேர்ல கேளுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கா ஓடுதுங்கறதுக்காக உங்க நிலத்துக்கு அதுல பாத்தியம், அதாவது உரிமை, வந்துடாது.

அடுத்து கிணறு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச நிலத்துல கிணறு பெரும்பாலும் பொதுவாத்தான் இருக்கும், பத்திரத்துல ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம்’னு எழுதியிருக்கும். அப்டினா நாலு நாளைக்கு ஒரு நாள்தான் உங்க முறை, மத்த நாள் அடுத்தவங்க மோட்டார் ஓடும். கரன்ட் சர்வீஸ் யார் பேர்ல இருக்குனும் பாருங்க, செத்துப்போன பெரியப்பா பேர்லயே ஓடிட்டு இருக்கும், பேர் மாத்த அவர் வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும். புதுசா இலவச கனெக்ஷன் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க, பதிஞ்சு வச்சுட்டு வருசக்கணக்கா காத்திருக்கறவங்க ஏகப்பட்ட பேர். அந்த இலவச லைன்லயே வீட்டுக்கும் கரன்ட் இழுத்திருந்தா அது திருட்டு, கேஸாகும், வீட்டுக்குத் தனி சர்வீஸ் இருக்கானு கேட்டுக்கங்க.

தடம். மெயின் ரோட்டுலேர்ந்து தோட்டம் வரைக்கும் வந்தீங்களே, அந்த வழி யாரோடது? பத்திரத்துல ‘மாமூல் தட பாத்தியம்’னு எழுதியிருக்கா, எந்த சர்வே நம்பர்ல, எத்தன அடி அகலம்? சர்வே நம்பருக்கான அளவுப் படமான புலப்படத்துல அது வண்டிப்பாதைனு குறிச்சிருக்கா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனசுல விட்டு வச்சிருக்கற வழியா இருந்தா, நாளைக்கு அவர் பையன் கம்பி வேலி போட்டுட்டான்னா ஒரு டிராக்டர் உள்ள போகாது, செங்கல் லோடு போகாது.

பட்டா மட்டும் பாத்தா பத்தாது. சொத்தோட பழைய மூலப்பத்திரம் வேணும், யார் யாருக்கு வித்தாங்க, அடமானம் இருக்கானு காட்டற வில்லங்கச் சான்று ஆன்லைன்ல வர்றதோட நிறுத்தாம அதுக்கு முந்துன வருசங்களுக்கும் சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு எடுக்கணும். வீட்டுப் பொண்ணுங்க கையெழுத்து ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டுல 1989லயே பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்குப் பங்கு வந்தாச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. ‘அவங்களுக்கு சீர் செஞ்சாச்சு’ங்கற பதில் செல்லாது, பங்க விட்டுக்குடுத்ததா விடுதலைப் பத்திரம் பதிஞ்சிருக்கணும். அப்புறம் வருவாய்த்துறையோட நிலப் பதிவேடான ஏ-பதிவேட்டுல பாத்து இது பஞ்சமி நிலமா இருந்ததானு உறுதி பண்ணுங்க. வெள்ளைக்காரன் காலத்துல பட்டியலின மக்களுக்குன்னு குடுத்த நிலம் அது, நடுவுல எத்தன பத்திரம் மாறியிருந்தாலும் வாங்காதீங்க. சட்டத்துலயும் நிக்காது, அப்படி ஒரு மண்ணுல குடிபோறது நியாயமும் இல்ல.

இப்போ அந்த வயசானவங்க. நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க, எனக்கு மனசுல தங்குனது அதுதான். அவங்க கூலிக்குப் பண்ணையம் பாக்கறவங்களா, குத்தகைக்கு ஓட்டுறவங்களா? குத்தகைனா 1955லேர்ந்தே சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கெளம்புன்னு சொல்லி அனுப்பிட முடியாது. சட்டம் இல்லாட்டியும் இத்தன வருசம் அந்தத் தென்னைக்குத் தண்ணி கட்டுனவங்க, அவங்கள நைட்டோட நைட்டா கெளப்பி விட்ட தோட்டத்துல நீங்க நிம்மதியா இருக்க மாட்டீங்க. புரோக்கர் இல்லாம நீங்க ரெண்டு பேரும் போய் அவங்களோட உக்காந்து பேசுங்க. அங்கயே இருக்க விரும்பினா இருக்கட்டும், போறதா இருந்தா விக்கறவங்க என்ன குடுக்கறாங்கனு உங்க முன்னாடியே முடிவாகட்டும். கிணறு எந்த மாசம் வத்தும், யாரோட யாருக்கு வரப்புத் தகராறுனு அவங்களுக்குத்தான் தெரியும்.

வீடு கடைசிதான். மண் சுவரா இருந்து யாராவது மேல சிமென்ட் பூசியிருந்தா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு சுவர் உப்பி உதிரும், அதைச் சுரண்டி எடுத்துட்டு சுண்ணாம்புதான் பூசணும். ஓடு ரெண்டு எடுத்துட்டு, ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டையிலயும் மரச்சட்டத்துலயும் கூர்மையா எதையாச்சும் வச்சு குத்திப் பாருங்க, மாவா உதிந்தா கரையான். ஐப்பசி மழையில ஒரு தடவ போய் எங்க ஒழுகுதுனு பாருங்க. இடிச்சுட்டு கான்கிரீட் போடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அந்த மரம் இப்போ கெடைக்காது.

முடிஞ்சா சித்திரை வரைக்கும் தள்ளிப்போட்டு கிணத்துல தண்ணி எவ்ளோ நிக்குதுனு கண்ணால பாத்துட்டு முடிவெடுங்க. அதுக்குள்ள வேற ஆளுக்குப் போயிடுச்சுனா போகட்டும், கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் அந்தியூருக்கும் நடுவுல பிள்ளைங்க வெளியூர் போயிட்ட ஓட்டு வீடுங்க இன்னும் இருக்கு. மூலப்பத்திர நகல் கெடச்சா அனுப்புங்க, கிணத்துப் பங்கும் தடமும் எப்படி எழுதியிருக்குனு படிச்சுச் சொல்றேன். பத்திரம் சரியானு சட்ட ஒப்பீனியன் மட்டும் கோபியிலயே சிவில் பாக்கற வக்கீல்கிட்ட காசு குடுத்து எழுத்துல வாங்கிடுங்க, புரோக்கர் கைகாட்டுற வக்கீல் வேணாம்.